உன் மனைவி போட்ட மெட்டு

அன்புள்ள எட்வின்,

முந்தாநாள் நீ ஃபோனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஷீபா மேல உனக்கு என்னம்மா கோவம்? உக்காந்து அழுவுறா" என்று கேட்டாய். "கோவமெல்லாம் ஒண்ணுமில்லடா, அடுப்புல குழம்பு கெடக்குது" என்று சொல்லி, ஃபோனை உன் அப்பாவின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டேன். அடுப்பில் அப்போது குழம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் கோபம் இல்லை என்று சொன்னது பொய்யில்லை. உன் மனைவி மேல் எனக்கு இருப்பது பொறாமை. மகனைப் பறிகொடுத்த மாமியாரின் பொறாமை என்று நினைத்துக்கொள்ளாதே, ஊர் அப்படித்தான் நினைக்கும். நீ அவளோடு ஓசூரில் சந்தோஷமாக இருப்பதில் எனக்கு நிம்மதிதான். அவளுக்கு வாரம் ஒரு புடவை வாங்கிக் கொடு. அவள் வைக்கிற மீன் குழம்பு என் குழம்பைவிட நன்றாக இருக்கிறது என்று என் முகத்துக்கு நேராகவே சொல். எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் போட்ட மெட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை ஃபோனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று சாயந்திரம் சர்ச்சில் ஒன்று நடந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

உனக்குச் சுருதி என்பது பிறவியிலேயே கிடையாது. வருத்தப்படாதே, உன் அப்பாவுக்கும் கிடையாது. ஞாயிறு பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு உன்னை நிறுத்தினபோது, "நீ வாய மட்டும் அசைப்பா, சத்தம் வேணாம்" என்று டீச்சர் சொன்னதை நீ வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாய். உனக்கு மட்டும் தனி வேலை கொடுத்திருக்கிறார்களாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழவும் செய்தேன். பாடகர் குழுவை நடத்துகிறவள் பெற்ற பிள்ளைக்கு மேல் ஸ்தாயி எது, கீழ் ஸ்தாயி எது என்று தெரியவில்லையே என்று. அன்றைக்கு ஆரம்பித்த ஜெபம்தான், வருகிற மருமகளாவது பாடத் தெரிந்தவளாக இருக்கட்டும் ஆண்டவரே என்று. வருஷக்கணக்காகக் கேட்டேன். கிடைத்தது. எந்த அளவுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

நான் மெட்டுப் போடுவது எப்படி என்று நீ பார்த்தே வளர்ந்தவன். ஆனால் கவனித்திருக்கமாட்டாய். நம் பொம்மை ஷெட்டில், அச்சிலிருந்து எடுத்த களிமண் பொம்மையின் உடம்பில், அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் பண்ணவேண்டும். கொலு பொம்மையோ கிறிஸ்துமஸ் குடிலுக்கான மாடும் மேய்ப்பனுமோ, எதுவானாலும் வேலை ஒன்றுதான். கை அதைச் செய்துகொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்கும். அப்போதுதான் மெட்டு வரும். உட்கார்ந்து யோசித்தால் எனக்கு வராது. ஒருநாள் அப்படி ஒன்று வந்துகொண்டிருந்தபோது நீ ஸ்கூல் பையோடு வந்து நின்று, "என்னம்மா பாட்டு அது?" என்று கேட்டாய். அவ்வளவுதான், போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முயன்றும் திரும்ப வரவில்லை. இன்றைக்கும் அந்த மெட்டை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் மனைவி பாத்திரம் தேய்க்கும்போதோ துணி மடிக்கும்போதோ முணுமுணுத்தால் நீ பக்கத்தில் போய் நிற்காதே, என்ன பாட்டு என்று கேட்காதே, ஃபோனை எடுத்துப் பதிவு பண்ணாதே. வேறு அறைக்குப் போய்விடு. உன் அப்பாவுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் முணுமுணுக்கும்போது அவர் பேசமாட்டார். இத்தனை வருஷம் நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தாலும், அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு எல்லாவற்றையும் மன்னித்திருக்கிறேன்.

மனசில் நிற்கிற மெட்டு எது என்று எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. தாழத் தொடங்கவேண்டும், யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்கிற மாதிரி. ஒரே ஒரு இடத்தில் ஏறவேண்டும், அந்த ஏற்றத்துக்காக ஜனங்கள் காத்திருக்கவேண்டும். நெடில் வருகிற இடத்தில் மெட்டை நீட்டலாம், குறிலை இழுத்தால் சொல் செத்துப்போகும். முடிகிற இடம் வருவதற்கு முன்னாலேயே, இதோ முடியப்போகிறது என்று கேட்கிறவனுக்குத் தெரியவேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பாடிப் பாடி நானே கண்டுபிடித்தது. நம் சபையில் கல்யாணம் நடந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பாட்டுப் பண்ணியிருக்கிறேன். எல்லாரும் "அருமையா இருந்துச்சுக்கா" என்று சொல்லியிருக்கிறார்கள். அருமை என்று சொல்வதும், மறுநாள் அதை முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பதும் வேறு வேறு என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தாலும் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

உன் கல்யாணப் பாட்டை, உனக்குப் பெண் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். மழைக்காலத்தில் பொம்மை காயாது, ஷெட்டில் வேலை மந்தமாக இருக்கும். அந்த நாட்களிலெல்லாம் அதைத்தான் இழைத்துக்கொண்டிருந்தேன். "மன்றல் நாளிதிலே மாட்சிமை பொங்கிட" என்று தொடக்கம். நடுவில் ஆண் குரல் ஒரு பக்கம், பெண் குரல் ஒரு பக்கம் பிரிந்துபோய் கடைசியில் ஒன்றாகச் சேரும். நான் போட்டதிலேயே பெரிய பாட்டு அது. கல்யாணத்துக்கு முன் சனிக்கிழமை சர்ச்சில் ஒத்திகை பார்த்தபோது, ஷீபாவும் அவள் அம்மாவும் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ பந்தல்காரனோடு வெளியே நின்றுகொண்டிருந்தாய். நாங்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தோம். பாடகர்கள் கொண்டுவந்திருந்த குழந்தைகள் பின் பெஞ்சில் சிணுங்க ஆரம்பித்துவிட்டன. ஷீபா எழுந்து அவர்களிடம் போனாள். நான் நன்றியோடுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைகள் கையைத் தட்டி, தாழ்ந்த குரலில் ஏதோ பாட ஆரம்பித்தார்கள்.

இன்னும் கொஞ்சம் இருக்குது, இலையைப் போடுங்க.
இன்னும் கொஞ்சம் இருக்குது, எல்லாரும் வாங்க.

பைபிளில் கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோக, இயேசு தண்ணீரையே ரசமாக்கின கதை இல்லையா, அதை வைத்து பஸ்ஸில் வரும்போது சும்மா கட்டினாளாம். "பந்தியில பசங்க பாடட்டும்னு தான் அத்தை" என்றாள். நானும் "நல்லாருக்குதும்மா" என்றேன், விளையாட்டுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு. ஒத்திகை முடிந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற சாமுவேல், நம் குழுவிலேயே கனத்த குரல் அவருடையதுதான், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார். போகும்போது ஏதோ முணுமுணுத்தார். இரண்டு மணி நேரம் அவருக்கு என் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் வாயிலிருந்து வந்தது "இன்னும் கொஞ்சம் இருக்குது". எட்வின், அந்த இடத்தில், சர்ச் வாசலில், என் வயிற்றுக்குள் சூளைக் கதவைத் திறந்ததுபோல் ஒரு சூடு கிளம்பியது. அது இன்றுவரை தணியவில்லை.

கல்யாணத்தில் இரண்டு பாட்டும் பாடப்பட்டன. நீங்கள் இருவரும் நடந்து வரும்போது என் பாட்டு. எல்லாரும் எழுந்து நின்றார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள், போதகர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். பந்தியில் பிள்ளைகள் ஷீபாவின் பாட்டைப் பாடினார்கள். பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு அந்தத் தாளத்துக்கே நடந்தார்கள். மறுநாள் ஷெட்டில் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குகிற பெண்கள் எதைப் பாடினார்கள் என்று நான் சொல்லவேண்டுமா? பந்தியில் எடுத்த வீடியோ ஃபோன் ஃபோனாகப் போயிற்று. நம் தெருமுனை டீக்கடைக்காரர் சர்ச் வாசலை மிதித்தே இருக்கமாட்டார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே அதைப் பாடுகிறார். நம் குழுவில் பாடுகிற மேரி, நல்லூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "அக்கா, அங்கயும் பந்தியில அதே பாட்டுதான்க்கா. எங்க அக்காவோட மருமவ போட்டதுன்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல" என்றாள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று என் தாடைக்குத்தான் தெரியும்.

உன் அப்பாதான் எல்லாவற்றுக்கும் மேலே போய்விட்டார். ஒருநாள் சூளையில் தீ சரியாக ஏறியிருக்கிறதா என்று ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே, சுருதியே இல்லாமல், அதை முனகிக்கொண்டிருந்தார். சுருதி இல்லாமல் பாடியும் அது இன்ன பாட்டு என்று தெரிந்தது. ஒரு மெட்டுக்கு அதைவிட வேறு என்ன பரீட்சை வேண்டும்? எனக்குப் பொறுக்கவில்லை.

"என் பாட்ட என்னைக்காவது இப்படி முணுமுணுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பாவம், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாத முகம். "ஒம் பாட்டெல்லாம் பெரிய பாட்டுடி. அத நிமிந்து உக்காந்து கேக்கணும். இது சும்மா, வேலையோட வேலையா வாயில ஒட்டிக்கிச்சு" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு வாழ்க்கையில் யார் சொன்னதும் அவ்வளவு வலித்ததில்லை. வேலையோடு வேலையாக வந்த மெட்டுகள்தானே என்னுடையவை எல்லாம்? பிறகு எந்த இடத்தில் நான் அவற்றை நிமிர்ந்து உட்கார வைத்தேன்?

அன்றைக்கு மத்தியானம் கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டு உன் மனைவியின் பாட்டைப் பிரித்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். ஐந்தே ஸ்வரம். இரண்டாம் வரி முதல் வரியின் நகல். ஏற்றம் என்று சொல்ல ஒரு இடமும் இல்லை. "இருக்குது" என்கிற சொல்லில் மட்டும் லேசாகக் குரல் தூக்குகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில், சோறு போதுமா என்று கேட்கிறவனைப் பார்த்து "இருக்குது, இருக்குது, உக்காருங்க" என்று சொல்வார்களே, அந்தப் பேச்சின் தூக்கல் அது. அதை அவள் அப்படியே விட்டிருக்கிறாள். நானாக இருந்தால் அதை இழைத்து மெருகேற்றி, பேச்சு இருந்த தடமே தெரியாமல் பண்ணியிருப்பேன். அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. கை தட்ட, மூச்சு வாங்க. கேட்கிறவன் தானாக அதற்குள் வந்து விழுந்துவிடுகிறான். ஆனால் முடிவைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. "வாங்க" என்பதை அவள் ஆதார ஸ்வரத்தில் கொண்டுவந்து நிறுத்தவில்லை, அதற்கு ஒரு படி மேலேயே விட்டுவிட்டாள். அந்தரத்தில் தொங்குகிறது. ஆகா, பிழை என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் சர்ச்சில் ஐக்கிய விருந்து வந்தது. அதற்கு அந்தப் பாட்டைக் குழுவே பாடவேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். சரி என்று சொல்லி, முடிவைத் திருத்திக் கொடுத்தேன். "வாங்க" என்பதைக் கீழே இறக்கி, அழகாக, உட்கார வைத்தேன். முதல் தடவை எல்லாரும் நான் சொன்னபடி பாடினார்கள். பாட்டு முடிந்தது. முடிந்தேபோனது. யாருக்கும் மறுபடி தொடங்கத் தோன்றவில்லை. பாத்திரத்தை மூடியதுபோல் ஒரு அமைதி. "இன்னொரு தடவ" என்றேன். இரண்டாம் தடவை, ஒருவர்கூட மிச்சமில்லாமல், எல்லாரும் அவள் போட்ட இடத்துக்கே போய்விட்டார்கள். போனதும் வாய் தானாகத் திரும்பி "இன்னும் கொஞ்சம்" என்று ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது, அது முடியாமல் இருப்பதால்தான் வாயைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று. "மன்னிச்சுக்கங்கக்கா, நாக்கு அங்கதான் போவுது" என்றாள் மேரி. "பரவால்ல, அப்படியே பாடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

இதற்குப் பிறகு ஷீபா ஃபோன் பண்ணினால் எனக்குப் பேச்சு வராது. சாப்பிட்டாச்சா, தண்ணி வருதா, அவ்வளவுதான். உடனே ஃபோன் உன் அப்பாவிடம் போய்விடும். அவள் நல்ல பெண், எட்வின். அதுவும் எனக்கு ஒரு கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போன மாதம் நீங்கள் இருவரும் வந்திருந்தபோது ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் ஐயா என்னிடமும் ஷீபாவிடமும் வந்தார். நீ ஸ்கூட்டரை எடுக்கப் போயிருந்தாய். "அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டுப் பண்ணும்மா" என்றார். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். அவர் பார்த்தது என்னை இல்லை.

ஷீபா பதறிவிட்டாள். "அத்தை இருக்காங்களே ஐயா."

"அவங்க எப்பவும் தான் பண்றாங்க. இந்த வாட்டி நீ பண்ணேன்."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், நீ சொன்னாய்.

மறுநாள் நீ உன் சிநேகிதர்களைப் பார்க்கப் போய்விட்டாய். ஷீபா ஷெட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சை எடுத்துக்கொண்டாள். பொம்மையைத் துடைத்துக்கொண்டே தனக்குள் ஏதேதோ முணுமுணுத்தாள், நிறுத்தினாள், வேறு ஒன்று பாடினாள். "வரல அத்தை" என்றாள். "ஐயா கேட்டதிலேருந்து பயமா இருக்குது. அன்னிக்கு அது எப்படியோ வந்துச்சு. நீங்க எத்தன பாட்டு பண்ணியிருக்கீங்க. எனக்கு ஒண்ணோட தீந்துபோச்சு போல." இதைக் கேட்டு என் மனசு குளிர்ந்தது என்பதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, எனக்கு உள்ளே குளிர்ச்சி. பிறகு அவள், "இது மட்டும் திரும்பத் திரும்ப வருது. இதுக்கு மேல போவ மாட்டேங்குது" என்று ஒரே ஒரு வரியைப் பாடினாள்.

விதைச்சது கொஞ்சந்தான்.

உச்சியில் எடுத்தாள். யாரும் உச்சியில் எடுக்கமாட்டார்கள். நான் எடுக்கவே மாட்டேன். எடுத்து, "கொஞ்சந்தான்" என்கிற இடத்தில், தலைச்சுமையைக் களத்தில் இறக்கி வைப்பதுபோல் மொத்தமாகக் கீழே வந்துவிட்டாள். என் கையில் இருந்த மேய்ப்பன் பொம்மையின் காதைக் கத்தி சீவிவிட்டது. அவ்வளவு நல்ல வரி அது. கீழே வந்தபிறகு அவளுக்கு வழி தெரியவில்லை. மறுபடி ஏறப் பார்த்தாள், திணறினாள். "விடுங்க அத்தை. இது வேணாம். ஐயாகிட்ட என்னால முடியலன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். நான் "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். நல்ல வரிம்மா என்று சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

நீங்கள் ஓசூருக்குப் பஸ் ஏறின பிறகு அந்த வரி என்னோடு தங்கிவிட்டது. அதற்கு அடுத்து எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏறக்கூடாது. இறங்கின இடத்திலேயே, கீழேயே, பேசுவதுபோல் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். ஒரு வாரம் பொம்மை துடைத்துக்கொண்டே மற்ற வரிகளைக் கட்டினேன்.

விதைச்சது கொஞ்சந்தான்.
மண்ணும் உன்னுது, மழையும் உன்னுது,
களத்துல நிக்கிற நானும் உன்னுது,
அளந்து பாக்க மரக்கா பத்தல.

கடைசி வரி மெல்ல ஏறி, அவள் தொடங்கின உச்சியின் வாசலில் கொண்டுபோய் விடும். அப்புறம் மறுபடி "விதைச்சது" என்று எடுக்காமல் யாராலும் இருக்கமுடியாது. முடிக்காமல் விடுவதையும் அவளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன் பார். போதகர் ஐயாவிடம் போய், "அவளால முடியலயாம் ஐயா, நானே பண்ணிட்டேன்" என்று சொன்னேன். குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, இரண்டாம் தடவையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஒத்திகை முடிந்து சாமுவேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் பாட்டை முணுமுணுத்தார். என் பாட்டை. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனை திரும்புகிறவரை கேட்டுக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் அதைப்போல் ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. மறுநாள் நான் அதை முணுமுணுத்துக்கொண்டே போனபோது டீக்கடைக்காரர்கூட, "இது புதுசா இருக்குதேம்மா, இதுவும் மருமவ பாட்டா?" என்று கேட்டார். "இல்ல, என்னுது" என்றேன். வாய் கூசவில்லை.

அப்புறம்தான் முந்தாநாள் நீ ஃபோன் பண்ணினாய். ஷீபா அழுகிறாள் என்றாய். எதற்கு அழுகிறாளாம் என்று நான் கேட்கவில்லை, ஆனால் நீயே சொன்னாய். "பாட்டு வரலன்னு சொன்னதுலேருந்து அத்தை என்னைய மட்டமா நெனைக்கிறாங்க, பேசக்கூட மாட்டேங்குறாங்கன்னு சொல்றா. இனிமே பாடவே மாட்டேங்குறா, வூட்டுல முணுமுணுக்கறதகூட விட்டுட்டா" என்றாய். பேச்சோடு பேச்சாகத்தான் அதைச் சொன்னாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பாடவில்லை என்பதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேனா என்று என்னையே நான் கவனித்தேன். கொஞ்சம்கூட வரவில்லை. வயிற்றில் இருந்த சூடு அப்படியே இருந்தது, ஆனால் அதில் சந்தோஷம் இல்லை. பக்கத்து வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறவளைப்போல் இருந்தது. அவள் இன்னும் நல்ல நல்ல மெட்டாகப் போட்டு என்னை எரியவிட்டாலும் சரி, பாடாமல் இருக்கக்கூடாது.

நேற்று சாயந்திரம் ஒத்திகையில், பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் கையைத் தூக்கி நிறுத்தினேன். "ஒரு விஷயம். இந்தப் பாட்டுல முதல் வரி என்னுது இல்ல. எங்க ஷீபாவோடது. அவ வேணாம்னு விட்டத நான் எடுத்துக்கிட்டேன், அவகிட்ட கேக்கல" என்றேன்.

சாமுவேல்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதானே பாத்தேன்" என்றார்.

"என்னத்தப் பாத்த?"

"இல்லக்கா, பட்டறையில வேலை செய்யறப்ப அந்த ஒரு வரிதான் வாயில வருது. மத்ததெல்லாம் மறந்துபோவுது. திரும்பத் திரும்ப அதையே பாடிக்கினு இருக்கேன்."

மேரி அவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "மத்த வரி இல்லன்னா அந்த வரி எங்கய்யா போயி நிக்கும்?" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். நல்லவள். ஆனால் சாமுவேல் சொன்னதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும், மேரிக்கும் தெரியும். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த கூலி இது. சர்ச் நடுவில், என் குழுவின் முன்னால், மறுபடி அதே சூடு. நான் சுருதி கொடுத்தேன். பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். வரும் வழியில் போதகர் ஐயாவையும் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து அறிவிப்பதாகச் சொன்னார். "அவ பேரு முதல்ல வரட்டும் ஐயா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தெருமுனைவரை வருத்தப்பட்டுக்கொண்டே நடந்தேன்.

இந்தக் கடிதத்தை நீ ஷீபாவுக்கு வாசித்துக் காட்டு. முழுவதையும் காட்டு. நான் குளிர்ந்துபோன இடத்தை விட்டுவிட்டுப் படிக்காதே, அப்படிப் படித்தால் அவள் என்னைத் தேவதை என்று நினைத்துக்கொள்வாள், பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே முடியாது. அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு ஃபோன் பண்ணித் திட்டட்டும். இந்தத் தடவை நான் ஃபோனை உன் அப்பாவிடம் கொடுக்கமாட்டேன். அவளிடம் இரண்டு விஷயம் சொல். ஒன்று, அவளுக்குப் பாட்டு தீர்ந்துபோகவில்லை. தீர்ந்துபோனவளுக்கு அப்படி ஒரு வரி வராது. எதுவும் வராத மாதங்கள் எனக்கும் இருந்திருக்கின்றன. அப்போதெல்லாம் நான் பொம்மையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், அவளும் வேலை பார்க்கிற லேப்பில் ரத்தம் எடுத்த குப்பிகளை அடுக்கிக்கொண்டு சும்மா இருக்கட்டும். இரண்டாவது, எனக்குப் பொறாமை போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொள்ளவேண்டாம். போகவில்லை. அடுத்து அவள் ஏதாவது பண்ணினால் இன்னும் கூடும். அதோடுதான் நான் அவளுக்கு மாமியார்.

பண்டிகைக்கு இருவரும் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். முதல் வரியை அவள் தனியாக எடுக்கட்டும் என்று குழுவில் முடிவு பண்ணியிருக்கிறோம். என் குரலுக்கு ஏற்ற மாதிரி நான் சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் எனக்காகத் தாழ்த்த வேண்டாம். அன்றைக்கு ஷெட்டில் எந்த உயரத்தில் எடுத்தாளோ அதிலேயே எடுக்கட்டும். நாங்கள் ஏறி வந்து பிடித்துக்கொள்கிறோம்.

உன் அம்மா